மூன்றாவது வரிசை, இடது ஓரம்

கோட்டின் முதுகுத் தையலைக் காலரிலிருந்து கீழ்நோக்கிப் பிரித்துக்கொண்டே வந்தாள் பாப்பா. விறைத்த உடம்புக்குக் கோட்டு மாட்ட வேறு வழி கிடையாது. முதுகை இரண்டாகப் பிளந்து, கைகளை முன்பக்கமாக நுழைத்து, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகிவிட்டால், பார்க்கிறவர்களுக்கு முழுக் கோட்டு போட்ட மாதிரியே இருக்கும். இந்தத் தெருவில் இரண்டு மூன்று வீடுகளுக்கு அவளே போய் இதைச் செய்து கொடுத்திருக்கிறாள். அப்போதெல்லாம் கை இப்படிக் கனத்ததில்லை.

“கத்திரியால ஒரே இழுப்பா இழுத்துடேன். எதுக்கு ஒவ்வொரு தையலா எடுத்துக்கிட்டிருக்கே?” என்றார் அவள் புருஷன். அவள் அப்பாவின் தோள்களைத் தாங்கிப் பிடித்தபடி கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தார்.

“துணி பிசிறு விட்டுரும்.”

“இனிமே விட்டா என்ன?”

 கடைசித் தையலையும் எடுத்து, நூல் துணுக்குகளை ஊதித் தள்ளிவிட்டு, கோட்டை விரித்துப் பிடித்தாள். இருவருமாக முதலில் இடக்கையை நுழைத்தார்கள். வாதம் வந்த வலக்கைதான் மடங்க மறுத்தது.

“புதுசு மாதிரியே இருக்கு. ஒரு நாள்தானே போட்டார்,” என்றவர், சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்ததுபோல் வாயை மூடிக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக் வேலை அவருக்கு. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் பதறாமல் பேசிப் பேசி, வீட்டிலும் அளந்துதான் பேசுவார். இன்று அளவு தப்பிவிட்டது.

பாப்பா என்பது வீட்டுப் பேர். நாற்பதைத் தாண்டிவிட்டாள், முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறாள், இன்னும் பாப்பாதான். வீட்டின் முன்னறைதான் தையல் கடை. தொளதொளத்த துணியை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுப்பது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று நாள் முழுக்க யாராவது வந்து போவார்கள். இன்று மெஷினைச் சுவரோரம் தள்ளி, வெட்டு மேசையை மடக்கிவிட்டு, அந்த இடத்தில் அப்பாவின் கட்டிலைப் போட்டிருந்தார்கள். பொத்தானைப் போட்டுவிட்டு எட்ட நின்று பார்த்தாள். தோள் அமைப்பாக உட்கார்ந்திருந்தது. பிடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

அப்பா மின்சார ஆபீஸில் மீட்டர் ரீடராக இருந்தவர். வீடு வீடாக ஏறி இறங்கி, நாய்களிடம் கடி வாங்கி, ரிட்டையர் ஆனவர். ஆபீஸில் அவருக்கு ‘கீதம்’ என்று பேர். நாட்டுக்கென்று ஒரு கீதம் புதிதாக வந்தபோது அதை வானொலிக்காகப் பாடிப் பதிவு செய்தவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அதில் அவரும் ஒருவர். மூன்றாவது வரிசை, இடது ஓரம். அந்தப் பதிவுதான் பிற்பாடு எல்லா இடத்திலும் ஒலித்தது. வானொலி காலையில் கண் விழிக்கும்போது, விளையாட்டு மைதானத்தில், சினிமாக் கொட்டகையில். இரண்டாவது அடி முடிந்து மூன்றாவது அடி தொடங்குவதற்கு முன்னால் யாரோ ஒரு பிள்ளை சத்தமாக மூச்சு இழுப்பது அதில் கேட்கும். அது தன் மூச்சுதான் என்று அப்பா சத்தியம் செய்வார். கொட்டகையில் எல்லோரும் விறைப்பாக நிற்கும்போது பாப்பாவின் விலாவில் ஒரு விரல் வந்து குத்தும். “இப்ப வருது பாரு. இப்ப.” பிறகு அந்த மூச்சு. “நான்தான்.” என்ன படம் பார்த்தோம் என்பது மறந்துபோகும், அந்தக் குத்து மறக்காது.

“ஊரே மூச்சு விடாம நிக்கிற இடத்துல மூச்சு விட்ட ஒரே ஆளு எங்கப்பா,” என்று அண்ணன் கேலி செய்வான்.

வாதம் வந்தபோது வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் அதோடு போயிற்று. மகளின் பேர் வராது, தண்ணீர் என்ற சொல் வராது. கீதம் மட்டும் வந்தது. பேச்சு இருக்கிற இடம் வேறு, பாட்டு இருக்கிற இடம் வேறு, ஒரு கதவு சாத்திக்கொண்டால் இன்னொன்று திறந்திருக்கும் என்றார் டாக்டர். ஆக, பசித்தாலும் கீதம், முதுகு வலித்தாலும் கீதம், பேரப்பிள்ளை ஹாஸ்டலிலிருந்து ஃபோன் செய்தாலும் கீதம். ஆறுகளைப் பற்றிய அடி வந்தால் தண்ணீர், மலைகளைப் பற்றிய அடி வந்தால் பாத்ரூம் என்று வீட்டில் அவர்களாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்கள். பாதி நேரம் கணக்குத் தப்பும். “மாமா மலைக்குப் போயிட்டார், பேசினைக் கொண்டா சீக்கிரம்,” என்று புருஷன் குரல் கொடுக்கும்போது அப்பாவே ஒரு பக்க வாயால் சிரிப்பார்.

அதெல்லாம் முன்பு. கொஞ்ச மாதங்களாக அப்பா பாடுவதில்லை. எது வேண்டுமானாலும் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுவார், அவ்வளவுதான். பாட்டும் மறந்துபோச்சு என்று வருகிறவர்களிடமெல்லாம் பாப்பா சொல்லிக்கொண்டிருந்தாள். நோய் முற்றினால் அப்படித்தான் என்று அவளும் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

காலையில் பக்கத்துத் தெருவுக்குப் போய் ஒரு மாப்பிள்ளைச் சட்டையைக் கொடுத்துவிட்டு வந்தாள். கிளம்பும்போது அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பி வந்தபோது முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. “காபி தரவாப்பா?” என்று கேட்டுக்கொண்டே பையை ஆணியில் மாட்டினாள். விரல் தட்டும் சத்தம் வரவில்லை. பால் காயும் வரைகூட அவளுக்குத் தெரியவில்லை. தம்ளரோடு வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

துக்கம் விசாரிக்க முதலில் வந்தவர் எதிர்வீட்டுப் பட்டாளத்தார். துப்பாக்கியைக் கீழே வைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் தெருவுக்கு அவர் பட்டாளத்தார்தான். கீதம் காதில் விழுந்தால் எங்கே எப்படி இருந்தாலும் எழுந்து நின்றுவிடுவார். அப்பா பேச்சு போன புதிதில் நாள் முழுக்கப் பாட, இவரும் நாள் முழுக்க எழுந்து நிற்க, அவர் மனைவி ஒரு நாள் வந்து, “உங்கப்பாவைக் கொஞ்சம் மெல்லமாப் பாடச் சொல்லும்மா, எங்க வீட்டுக்காரர் தட்டு முன்னால உட்கார்ந்து சாப்பிட்டு ஒரு வாரமாச்சு,” என்று முறையிட்டுவிட்டுப் போனாள். பாதிச் சவரம் செய்த முகத்தோடு, ஒரு கன்னத்தில் நுரையோடு அவர் ஜன்னலில் அட்டென்ஷனில் நின்றதைப் பாப்பாவே பார்த்திருக்கிறாள்.

இன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, இறந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா அருகில் வந்ததும், “காலைலகூட நல்லாத்தானேம்மா பாடினார்,” என்றார்.

“யாரு?”

“அப்பாதான். நீ பையைத் தூக்கிக்கிட்டுப் போனியே, அதுக்கப்புறம்.”

“அவர் பாடி ரொம்ப நாளாச்சுங்க. மறந்துபோயிட்டார்.”

பட்டாளத்தார் அவளை நிமிர்ந்து பார்த்தார். “யாரு சொன்னா? நீ தெருமுனை திரும்புறதுதான் பாக்கி, ஆரம்பிச்சிருவார். நானும் பேப்பரைக் கீழ வெச்சிட்டு எழுந்து நின்னுருவேன். நீ வெளிய போற நாளெல்லாம் அப்படித்தானே நடக்குது.” கட்டில் பக்கம் திரும்பினார். “இன்னைக்குத்தான் நடுவுல நின்னுடுச்சு. மூணாவது அடிக்கு முன்னால. மூச்சு இழுத்தார், அது வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணும் வரல. இருமல் கிருமல் வந்திருக்கும், தொடங்குவார்னு நின்னுக்கிட்டே இருந்தேன். பாதியில உட்காரக் கூடாதில்ல. நீ வந்து கதவைத் திறந்து உள்ள போனியே, அப்பவும் நான் நின்னுக்கிட்டுதாம்மா இருந்தேன்.” தொப்பியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். “ஒரு எட்டு வந்து பார்த்திருக்கலாம். தோணவே இல்ல.”

“நீங்க என்ன பண்ணுவீங்க,” என்றாள் பாப்பா. அது அவள் குரல் மாதிரியே இல்லை. வேறு யாரோ வந்ததும், அந்தச் சாக்கில் சமையலறைக்குப் போனாள்.

குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழ் கையைக் காட்டியபடி நின்றாள். வெளியே போகிற நாளெல்லாம். அப்படியானால் மறக்கவில்லை. பாட்டு அவருக்குள் முழுசாக இருந்திருக்கிறது. இவள் செருப்பு மாட்டும் சத்தம் வரும் வரைக்கும், கதவு சாத்தும் வரைக்கும், தெருமுனை திரும்பும் வரைக்கும் அதை அடக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். ஏன் என்று கேட்டுக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.

சில மாதங்களுக்கு முன்பு கீதத்தின் வைர விழாவுக்கு அரசாங்கம் ஒரு வெள்ளி நாணயம் வெளியிட்டது. அன்று பாடிய பிள்ளைகளில் உயிரோடிருப்பவர்களைத் தேடிப்பிடித்து, மேடையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு நாணயம் கொடுப்பதாக ஏற்பாடு. அழைப்பிதழ் வந்த அன்று அப்பா அதைத் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார். பாப்பாவுக்கும் கால் தரையில் பாவவில்லை. நல்ல கோட்டு ஒன்றைத் தெரிந்தவர்களிடம் வாங்கி, தோளை இறக்கி, கையைக் குறைத்து, மெலிந்துபோன உடம்புக்கு ஏற்ற மாதிரி பிடித்தாள். போட்டுப் பார்க்கும்போதெல்லாம் அப்பா நாற்காலியிலிருந்து தானாக எழுந்து நிற்கப் பழகினார்.

இதற்கு நடுவில்தான் அந்த வீடியோ வந்தது. மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தபோது, காத்திருக்கும் கூடத்தில் அப்பாவுக்குத் தாகம் எடுத்துவிட்டது. பாடினார். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். இது என்ன என்று புரிந்ததும் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பாப்பா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். எவனோ ஃபோனில் எடுத்துவிட்டான். இரண்டு நாள் கழித்து, பேன்ட்டின் இடுப்பைப் பிடிக்கக் கொடுத்த ஒரு பெண் தன் ஃபோனில் அதே வீடியோவை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, “இந்தக் கிழத்தைப் பார்த்தீங்களாக்கா, வயிறு வலிக்குது சிரிச்சு,” என்றாள். பின்னறையில் அப்பா படுத்திருந்தார். பாப்பா சிரித்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெண்ணோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். பிறகு எழுந்து போய்ப் பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

விழாவுக்கு முந்தின நாள் ஓர் அதிகாரி ஃபோன் செய்தார். நேரடி ஒளிபரப்பு, பெரியவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், பேச்சு நடக்கும்போது நடுவில் ஏதும் சத்தம் வராதே என்றார். வராது என்றாள். அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

“நான் லீவு போட்டுட்டேன். பக்கத்துல நானே உட்கார்ந்துக்கறேன், தாகம் எடுத்தா தண்ணி கொடுக்கறேன். என்ன ஆயிடப்போகுது?” என்றார் புருஷன் காலையில்.

“நாடே பார்த்துச் சிரிக்கணுமா?”

“சிரிச்சா சிரிக்கட்டும். அவர் பாட்டு, அவர் பாடுறார்.”

“உங்களுக்கென்னங்க. உங்க அப்பாவா?”

லீவு போட்டிருந்தவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். முன்னறையில் அப்பா கோட்டுப் போட்டு, தலை வாரி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சந்தோஷம் தாங்காமல் பாட ஆரம்பித்தார். வாயோரம் எச்சில் வழிந்து காலரில் விழுந்தது. பாப்பா அதைத் துடைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய், அப்பாவுக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல், வர முடியாது என்று ஃபோனில் சொன்னாள். திரும்பி வந்து அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“விழா தள்ளிப் போயிடுச்சாம்ப்பா. அப்புறமா சொல்றாங்களாம்.”

அவளைப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார். ஆனால் கோட்டைக் கழற்ற விடவில்லை. ஒருவேளை மறுபடி கூப்பிட்டால் என்ன செய்வது என்பதுபோல் சாயங்காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் கம்பத்தில் கோளாறு என்று அவளே அவரிடம் சொன்னாள். வாழ்நாளெல்லாம் மீட்டர் பார்த்த மனிதரிடம்.

பின்னால் ஒரு நாள் நாணயம் கூரியரில் வந்தது. கொடுத்தால் விழா நடந்தது தெரிந்துவிடும். விழா நடந்தது தெரிந்தால் அவள் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். பிரிக்காமலே பொத்தான் டப்பாவின் அடியில் போட்டாள். நல்ல வேளை பார்த்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாள் போகப்போகக் கொடுப்பது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. பொத்தான் எடுக்க டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் நெஞ்சில் முள் தைக்கும். ஒரே ஓர் ஆறுதல், அப்பா நம்பிவிட்டார் என்பதுதான்.

“அண்ணன் வந்தாச்சு,” என்று வாசலில் யாரோ சொன்னார்கள். குழாயை மூடினாள்.

அண்ணன் வெளியூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வானத்தில் உட்கார்ந்து பழகியவனுக்குத் தரையில் நடை எப்போதும் கொஞ்சம் தடுமாறும். பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். 

“கோட்டெல்லாம் போட்டு ராஜா மாதிரி அனுப்புறே பாப்பா.” சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னான், “மகன்னு நான் பேருக்குத்தான். அவருக்குப் பெத்த தாய் மாதிரி இருந்தது இவதான்.”

ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு பெண் பாப்பாவின் முதுகைத் தடவினாள். தங்கமான பொண்ணு என்றாள் இன்னொருத்தி. பாப்பா குனிந்து, சுருக்கமே இல்லாத விரிப்பின் சுருக்கத்தை நீவினாள்.

“அந்த நாணயம் எங்க?” என்று கேட்டான் அண்ணன்.

“உள்ள இருக்கு.”

“எடுத்துட்டு வாயேன். அவரோடயே அனுப்பிடலாம்.”

எழுந்து பின்னறைக்குப் போனாள். அலமாரியிலிருந்து பொத்தான் டப்பாவை இறக்கி, கையை அடி வரைக்கும் விட்டுத் துழாவினாள். கூரியர் உறையைத் தையல் பிரிக்கும் கொக்கியாலேயே கிழித்து, கிழித்த உறையைச் சுருட்டி மெத்தைக்கு அடியில் தள்ளுவதற்குள் அண்ணன் உள்ளே வந்துவிட்டான். நீல நிறச் சின்னப் பெட்டி. மூடியின்மேல் அரசு முத்திரை போட்ட ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது.

அவன் அதை நகத்தால் வருடினான். “ஒட்டுக்கூடப் பிரிக்கலியே.”

“அப்பாதான் பத்திரமா இருக்கட்டும்னு சொல்லிட்டார்.”

சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. அண்ணன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான்.  ஒட்டைப் பிரித்து, நாணயத்தை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனான். ஒரு பக்கம் அரசுச் சின்னம். மறுபக்கம் கீதத்தின் முதல் அடி வளைந்து ஓட, அதற்குக் கீழே வாய் திறந்து பாடும் பிள்ளைகள். ஒவ்வொரு முகமும் கடுகளவு.

“இதுல ரெண்டு வரிசைதான் இருக்கு,” என்றான்.

“ம்.”

“மூணாவது வரிசைக்கு இடம் பத்தல போல.” சிரிக்க முயன்றான். முடியவில்லை. நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே, “பாப்பா, நான் ஒரு வேண்டாத வேலை பண்ணிட்டேன். அன்னைலேர்ந்து உறுத்திக்கிட்டே இருக்கு,” என்றான்.

“என்ன?”

“விழா நடந்த அன்னைக்கு சாயங்காலம் ஃபோன் பண்ணேனில்ல? நீகூட அப்பா காதுல வெச்சியே. நான் டிவில எல்லாத்தையும் பார்த்துட்டேன். பார்த்த வேகத்துல அவர்கிட்ட ஒப்பிச்சிட்டேன். ‘எல்லாரும் வந்திருந்தாங்கப்பா, உங்க பேரைச் சொன்னாங்க, காய்ச்சல்னு சொன்னாங்க, உங்க நாற்காலி மட்டும் காலியா இருந்துச்சு’ன்னு. காய்ச்சல்ல கிடக்கிற மனுஷன்கிட்ட போய் அதைச் சொல்லணுமா? போக முடியலியேன்னு எவ்வளவு வேதனைப்பட்டிருப்பார். அவர் பக்கம் சத்தமே இல்ல. எப்பவும் பாடிட்டுத்தான் ஃபோனைக் கொடுப்பார். அன்னைக்குப் பாடல.”

பாப்பா அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சாயங்காலம் ஃபோனை அப்பாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். அண்ணன் வழக்கம்போல் ஏதோ வளவளக்கிறான் என்று நினைத்து, மறுகையால் சேலையில் ஒட்டிய நூல் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டபடியே திரும்பி அவளைப் பார்த்தார். ஃபோனைத் தள்ளிவிட்டு, இடக்கையால், நாள் முழுக்கக் கழற்ற விடாத கோட்டின் பொத்தான்களைத் தானே ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். களைத்துவிட்டார் என்று நினைத்தாள். மிச்சப் பொத்தான்களை அவள் அவிழ்த்தாள். அப்போது அவர் நல்ல கை அவள் தலைமேல் சற்று நேரம் இருந்தது. எழுந்திருக்க ஊன்றிக்கொள்கிறார் என்றுதான் அதையும் எடுத்துக்கொண்டாள். கட்டில் சட்டத்தில் விரல் தட்டும் சத்தத்தை அவள் முதன்முதலாகக் கேட்டது அன்று ராத்திரிதான்.

“ரொம்பக் கஷ்டப்பட்டாரா பாப்பா? ஏதாவது காட்டிக்கிட்டாரா?”

“இல்லண்ணா,” என்றாள். “ஒண்ணும் காட்டிக்கல.”

அண்ணன் பெருமூச்சு விட்டான். அவன் தோள் கொஞ்சம் இறங்கியது. “அப்ப சரி. மனசுல வெச்சுக்கிற ஆளில்ல அவர்.”

கதவருகில் புருஷன் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. அவள் கண்களைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். “பெட்டி வந்தாச்சு,” என்றார்.

வெயில் தாழ்ந்த பிறகு மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். தெருக்காரர்கள், மின்சார ஆபீஸ்காரர்கள் சிலர், பட்டாளத்தார், அவ்வளவு பேர்தான். முன்பே வெட்டி வைத்த குழிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கினார்கள். மூடியைப் போடும் முன்னால் அண்ணன் நாணயத்தைப் பாப்பாவிடம் கொடுத்தான்.

“உன் கையால வெச்சிரு. அதுதான் முறை.”

“நீ வையேண்ணா.”

“உனக்குத்தான் அந்தப் பாத்தியதை.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கையில் தொடுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது. குனிந்து கோட்டின் மார்புப் பையில் போட்டாள். நாணயம் உள்ளே போகாமல் வழுக்கி அவர் வயிற்றின்மேல் விழுந்தது. எடுத்து மறுபடி போட்டாள். மறுபடி வழுக்கியது.

விரலால் தடவிப் பார்த்தாள். பையின் வாய் தைத்திருந்தது. மேடையில் தொளதொளவென்று தொங்கக் கூடாது என்று அவளே மூடித் தைத்த தையல். விழா முடிந்து வந்ததும் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

“என்ன பாப்பா?” என்றான் அண்ணன்.

“ஒண்ணுமில்ல.”

கத்திரி இல்லை. பிளேடு கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். அவள் மண்டியிட்டு, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் மார்பின்மேல் முகத்தை வைத்தாள். நாக்கால் தேடி நூலின் முடிச்சைப் பிடித்தாள். கடித்தாள். அவள் போட்ட தையல் அல்லவா, லேசில் அறவில்லை. இன்னும் அழுத்திக் கடித்தாள். தலை ஆடியது, தோள் குலுங்கியது. பின்னால் பெண்கள் விசும்புவது கேட்டது. “பாவம், அப்பன்மேல உசுரையே வெச்சிருந்தா,” என்றது ஒரு குரல். யாரோ கையைப் பிடித்துத் தூக்க வந்தார்கள்.

“விடுங்க,” என்றார் புருஷன். “அவளா எழுந்திருப்பா.”

நூல் அறுந்தது. ஒரு பக்கமாக இழுத்தாள், பை வாய் திறந்தது. நாணயத்தை உள்ளே விட்டு, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தி, பை தொங்காமல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு எழுந்து நகர்ந்து நின்றாள்.

மூடியைப் போட்டார்கள். மண் விழும் சத்தம் முதலில் பெரிதாகவும் போகப்போகச் சின்னதாகவும் கேட்டது.

திரும்பி நடக்கும்போது அண்ணன் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, இன்னும் ஆறு மாதம் கழித்துத் தன் ஊருக்கு வந்து ஒரு வாரம் தங்கிப்போகச் சொன்னான். துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னான். அவள் தலையாட்டினாள். கேட்டுக்குப் பக்கத்தில் புருஷன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார்.

“ரெண்டு வாய் குடி. காலைலேர்ந்து ஒண்ணும் குடிக்கல நீ.”

வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கடித்த நூல் இன்னும் பல்லிடுக்கில் இருந்தது.